பதினெட்டாம் வீட்டுக்கு நேரே ஒரு ‘மேற்படி’

படியேற இயலாத ஒருவர் உள்ள குடும்பத்துக்கு நிலத்தளத்திலேயே வீடு ஒதுக்கப்படுதல் வேண்டும். வீடு ஒதுக்கும் அலுவலகத்தின் சுற்றுநிருபத்தில் ஏழாம் பிரிவு, இரண்டாம் உபபிரிவு. ‘ஒதுக்கப்படலாம்’ என்றிருந்தால் அலுவலகத்துக் கோவை நிம்மதியாகத் தூங்கும். ‘வேண்டும்’ என்றிருந்தால் ஒரு கண்ணையாவது திறந்து பார்க்கும். என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளப்பதிலேயே கழிந்தது.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், கொட்டாஞ்சேனையின் ஒரு தோட்டத்திலிருந்து புதிய தொடர்மாடிக்குப் போகவிருந்த அறுபத்து நான்கு குடும்பங்களில், ஒரு கால் இல்லாத மனிதருக்கு எட்டாம் மாடி கிடைத்தது. தோட்டம் என்றதும் மரம் செடிகளைத் தேட வேண்டாம். கொழும்பில் அது ஒட்டி ஒட்டிக் கட்டிய சிறு வீடுகளின் வரிசை. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்க வேண்டும்.

அந்த மனிதரின் மனைவி நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இருபது வருடங்களுக்கு மேல் உதவியாளராக இருந்தவர். கோவைகள் சுமந்தவர், தேநீர் தந்தவர், எந்த அதிகாரி எந்த வேளையில் கையெழுத்துப் போடும் மனநிலையில் இருப்பார் என்று பார்த்துக் கோவையை உள்ளே அனுப்பியவர். நான் அங்கே நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். அலுவலகத்தை நடத்துவது நான்தான் என்று அந்தக் காலத்தில் நம்பியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறி வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தார்.

“சேர், வீடு குடுக்கிற ஒஃபிஸால எங்கட தோட்டத்து ஆக்கள்ட லிஸ்ட் ஒண்டு கேக்கிறாங்க. கையால எழுதினா எடுக்க மாட்டாங்களாம். கொம்பியூட்டர்ல ஷீட்டாத்தான் வேணுமாம்.”

“உங்கட கமிட்டியில எழுதத் தெரிஞ்ச ஆள் இல்லையா?”

“ரெண்டு பேர் இருக்கிறாங்க சேர். ரெண்டு பேரும் கதைக்கிறதில்ல.”

நான் ஒப்புக்கொண்டேன். மகள் மெல்பேர்ணுக்குப் போகும்போது விட்டுச்சென்ற மடிக்கணினி ஒன்று என்னிடம் இருந்தது. அதிலிருந்த விரிதாளைத் திறந்து பார்த்தபோது பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருடம் நான் எழுதிய பதிவேடுதான், கோடு மட்டும் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. வேலை பாதி முடிந்ததாக நினைத்தேன்.

இரண்டு சனிக்கிழமைகள் தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து விவரம் எடுத்தேன். வீட்டு இலக்கம், குடும்பத் தலைவர், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பேர், படி ஏற இயலுமா இயலாதா. கடைசிக் கேள்விக்குத்தான் கூட்டம் கூடியது.

“எங்கட மாமிக்கும் ஏலாது எண்டு போடுங்க ஐயா,” என்றார் ஒரு பெண்.

“அவங்களுக்கு என்ன?”

“வாயைத் தவிர ஒண்டுமே வேலை செய்யாது.”

உள்ளேயிருந்து மாமியார் பதிலுக்கு ஏதோ சொன்னார். அதை எழுதுவதற்கு என் பதிவேட்டில் நிரல் இருக்கவில்லை. மாமியார் கூரைமேல் நீர்த்தொட்டி வரை ஏறி இறங்குபவர் என்று எதிர்வீட்டார் சாட்சி சொன்னதால் ‘இயலும்’ என்றே எழுதினேன்.

உண்மையில் இயலாதவர்கள் ஐந்து வீடுகளில் இருந்தார்கள். பதினேழாம் வீட்டில் படுக்கையிலிருந்த ஒரு தாய். அடுத்த பதினெட்டாம் வீடு எங்கள் உதவியாளருடையது. அவர் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் ஒரு காலை எடுத்துக்கொண்ட பிறகு சில்லு நாற்காலி. அந்த நாற்காலி காலை எட்டு மணிக்கு ஒழுங்கையின் வாசலுக்கு வரும், பகல் சாப்பாட்டுக்கு உள்ளே போகும், மறுபடி வரும். முகத்துவாரத்திலிருந்து மீன் கொண்டுவருபவர் முதல் தபால்காரர் வரை அவரிடம் இரண்டு வார்த்தை கதைக்காமல் உள்ளே போவதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மனைவி அவரைக் கொச்சிக்கடைக் கோயில் வரை தள்ளிக்கொண்டு போவார். அவருடைய உலகம் அவ்வளவுதான், ஆனால் அது முழுவதும் தரைமட்டத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். செய்த முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். எங்கள் தலைமுறை எழுதுவினைஞருக்கு ஒரே சொல்லை இரண்டு நிரைகளில் எழுதினால் கை கூசும். மேலே உள்ளதே கீழேயும் என்றால் ‘மேற்படி’ என்று போடுவோம். பதினேழாம் வீட்டுக்கு நேரே ‘இயலாது’ என்று எழுதினேன். பதினெட்டாம் வீட்டுக்கு நேரே ‘மேற்படி’ என்று எழுதினேன். பத்தொன்பதுக்கு ‘இயலும்’, அதன்பின் வரிசையாக ‘மேற்படி’. பார்க்க அழகாக இருந்தது. தட்டச்சு முடிந்ததும் கையெழுத்துப் பிரதியைக் கிழித்துப் போட்டேன். சுத்தப்பிரதி வந்தபின் வரைவு இருக்கக்கூடாது என்பதும் எனக்குக் கற்பிக்கப்பட்டதுதான்.

அச்செடுப்பதற்காக எங்கள் ஒழுங்கைக்கு முன்னாலிருந்த கொமினிகேஷனுக்குப் போனேன். போட்டோப் பிரதி, அச்சு, விண்ணப்பம் நிரப்புதல் எல்லாம் செய்யும் சிறிய கடை. நடத்துபவர் நாற்பதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் பெண்மணி. நான் நீட்டிய பென் டிரைவை அவர் இரண்டு விரலால் வாங்கி, திருப்பித் தந்தார்.

“இதுல இல்லாத வைரஸ் இல்ல அங்கிள். போன மாசமும் இதாலதான் என்ட மெசின் படுத்த. இனி ஷீட்ட ஒன்லைன்ல வைங்க. வீட்டுல இருந்து திருத்தலாம், நான் இங்க இருந்து பிரின்ட் எடுக்கிறேன்.”

என் மடிக்கணினியைத் திறக்கச் சொல்லி அவரே ஏற்றித் தந்தார். எனக்கு அது தேவையற்ற அலங்காரமாகப் பட்டது.

மறுநாள் பட்டியல் கேட்ட அலுவலகத்திலிருந்து தொலைபேசி. பட்டியல் அடையாள அட்டை இலக்க ஒழுங்கில் வேண்டுமாம். எங்கள் காலத்தில் இது மூன்று நாள் வேலை, இரண்டு பேருக்கு மேலதிக நேரம். நான் வரிசைப்படுத்தும் பொத்தானை ஒருமுறை அமர்த்தினேன். அறுபத்து நான்கு குடும்பங்களும் ஒரு கணத்தில் இடம் மாறி நின்றன. தொடர் இலக்கங்கள் குழம்பிக் கிடந்ததைப் பொறுக்காமல் அவற்றையும் ஒன்றிலிருந்து புதிதாக இட்டேன். கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, மூன்று பேரிடமாவது இந்தத் தொழில்நுட்பத்தைப் புகழ்ந்தேன்.

சில மாதங்களின் பின் ஒதுக்கீட்டுப் பட்டியல் தோட்டத்துச் சுவரில் ஒட்டப்பட்டது.

“சேர், எங்களுக்கு எட்டு எண்டு போட்டிருக்கு,” என்றார் உதவியாளர் தொலைபேசியில். “எட்டாம் நம்பர் வீடாக்கும் எண்டு நினைச்சன். மாடியாம்.”

எனக்கு வந்த கோபத்தில் ஒரு மகிழ்ச்சியும் கலந்திருந்ததை மறைக்கமாட்டேன். ஏழாம் பிரிவு, இரண்டாம் உபபிரிவு கையிலிருந்தது. ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இப்படித் தெளிவான விதிமீறல் எப்போதாவதுதான் கிடைக்கும். இரண்டரைப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். ‘பொறுப்பற்ற’ என்ற சொல் இரண்டு இடத்தில் வந்தது. இணைப்பாக எங்கள் பட்டியலின் பிரதியை வைக்கலாமென்று கொமினிகேஷனுக்குப் போனேன்.

பெண்மணி திரையில் பட்டியலைத் திறந்தார். பதினெட்டாம் வீட்டைத் தேடி அதன் நிரையைக் காட்டினார்.

“இதுல மேற்படி எண்டு ஈக்கிது.”

“ஓம். இயலாது எண்டுதான் அர்த்தம்.”

“எதுக்கு மேற்படி அங்கிள்?”

“மேல உள்ளதுக்கு.”

“மேல உள்ளவருக்கு இயலும் எண்டெல்லோ ஈக்கிது.”

நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பதினேழாம் வீட்டுத் தாய் பட்டியலின் அடியில் எங்கோ இருந்தார். பதினெட்டாம் வீட்டுக்கு மேலே யாரோ ஒரு திடகாத்திரமான குடும்பம் வந்து நின்றது. ஒதுக்கீடு செய்த உத்தியோகத்தர் பட்டியலைச் சரியாகத்தான் வாசித்திருந்தார். அவரும் என் போன்ற பழைய எழுதுவினைஞர் இனம். ‘மேற்படி’ என்றால் விரலை மேலே நகர்த்திப் பார்க்கப் பழக்கப்பட்டவர்.

“புக்குல எழுதுற மாதிரி இதுல எழுதியீக்கிறீங்க,” என்றார் பெண்மணி. குரலில் கேலி இருந்தது, ஆனால் குறைவாகத்தான். “இதுல ஒவ்வொரு பெட்டியும் தனி ஆள் அங்கிள். பக்கத்து வீட்டு விசயம் அதுக்குத் தெரியாது.”

படுத்த தாயின் வீட்டுக்குக் கீழே இப்போது ஒரு பெயின்டரின் குடும்பம் ‘மேற்படி’யோடு நின்றது. நிலத்தளம் அவர்களுக்குப் போயிருந்தது. அந்த மனிதர் உயர்ந்த கட்டடங்களின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்கிப் பெயின்ட் அடிப்பவர். ஏறுவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவரை நான் ஏற இயலாதவராக்கியிருந்தேன்.

இரண்டரைப் பக்கக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அங்கிருந்து நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். கூச்சமாக இருந்தது.

உதவியாளர் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். கணவர் வழக்கமான இடத்தில், நாற்காலியில். பிழை அலுவலகத்தினுடையதல்ல, என்னுடையது என்று சொன்னேன். எப்படி நடந்தது என்றும் விளக்கினேன். விளக்கம் தேவைக்கு மேல் நீண்டது. அவர் பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டார்.

“சேர் அந்தக் காலத்திலயும் இப்பிடித்தானே,” என்றார். “லீவு ரெஜிஸ்டர்ல டைப்பிஸ்ட் மிஸ்ஸுக்குக் கீழ எனக்கு மேற்படி எண்டு போட்டீங்க. காய்ச்சலுக்கு எடுத்த லீவு. பிறகு பாத்தா எனக்கு ரெண்டு நாள் பிரசவ லீவு.”

“அத ஏன் அப்ப சொல்லயில்ல?”

“மற்ற ஆக்கள் பலகாரம் கேட்டாங்க. நானும் குடுத்தன்.”

கணவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “உயரம் எனக்குப் பயமில்ல ஐயா. முப்பது வருசம் கிரேனுக்கு மேல இருந்தனான். அப்ப நானா இறங்குவன். இப்ப லிஃப்ட் நிண்டா, நிண்ட நாள் முழுக்க நான் மேலதான்.” மனைவி அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தார். அவர்கள் இருவரும் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பெயின்டரின் வீடு நான்கு கதவு தள்ளி இருந்தது. அவர் விஷயத்தைக் கேட்டதும், “எனக்கு எட்டாம் மாடி எண்டா என்ன, யன்னலால வீட்டுக்குப் போவன்,” என்றார். அவர் மனைவிக்கு அது வேடிக்கையாக இல்லை. கீழ்வீட்டு வாசலில் பின்னேரத்தில் அப்பம் சுட்டு விற்க அவர் திட்டம் போட்டிருந்தார்.

“நீங்க பிழையா எழுதினதுக்கு நாங்க ஏன் ஐயா ஏறோணும்?”

கேள்வி நியாயமானது. அவர் உள்ளே போனார். பாத்திரங்கள் சத்தமாகப் பேசின. கொஞ்ச நேரத்தின் பின் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்து, ஒன்றை என் முன்னால் வைத்தார். “அந்த மனிசன மேல ஏத்திப்போட்டு நான் கீழ அப்பம் சுட்டா யார் வாங்குவாங்க? எங்க கையெழுத்து வைக்கிறது?” அந்தத் தேநீர் சீனி கூடிய தேநீர். நான் முழுவதையும் குடித்தேன்.

ஆனால் இரண்டு வீட்டாரும் மனமொத்து மாறிக்கொள்வதற்கு வழி இல்லை. பதினோராம் பிரிவு பயனாளிகள் தமக்குள் வீடு மாற்றுவதைத் தடைசெய்கிறது. காரணமும் நல்ல காரணம்தான், இல்லாவிட்டால் தரகர்கள் புகுந்துவிடுவார்கள். ஒரே வழி மேன்முறையீடு. மூலப் பட்டியல் சரியாக இருந்தது, வரிசை மாற்றியபோதுதான் பிழை புகுந்தது என்று நிரூபிக்க வேண்டும். வெறும் சொல் போதாது. ஒதுக்கீடு வந்தபின் எல்லோருக்கும் முழங்கால் வலி வருவதை அந்த அலுவலகம் நன்றாக அறியும். மூலக் கையெழுத்துப் பிரதியையோ நான் என் ஒழுங்கின் பெயரால் கிழித்திருந்தேன்.

இதைக் கொமினிகேஷன் பெண்மணியிடம் சொன்னபோது அவர் திரையின் மேல்பக்கம் எதையோ அமர்த்தினார். வலதுபக்கம் ஒரு பட்டியல் விரிந்தது. நான் அந்தத் தாளில் கை வைத்த ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நேரமும், என் பெயரோடு.

“ஷீட் எல்லாத்தையும் ஞாபகம் வச்சீக்கிது அங்கிள். எந்த நாளுக்குப் போவோணும்?”

வரிசைப்படுத்துவதற்கு முந்திய நாளைச் சொன்னேன். அறுபத்து நான்கு குடும்பங்களும் தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து நின்றன. பதினேழு, இயலாது. பதினெட்டு, மேற்படி. எங்கள் கணக்காய்வாளர்கள் இப்படியொன்றைக் காணக் கண்ணைக் கொடுத்திருப்பார்கள். தேவையற்ற அலங்காரம் என்று நான் நினைத்த அந்த ஒன்லைன் ஏற்பாடுதான் என்னைக் காப்பாற்றியது. கடைக்காரரிடம் அதைச் சொன்னேன். “வைரஸுக்கு நன்றி சொல்லுங்க,” என்றார்.

அடுத்த மூன்று நாட்கள் காலை வேளைகளில் அவர் கடையில் உட்கார்ந்து பட்டியலைப் புதிதாக அமைத்தேன். வாடிக்கையாளர் வரும் இடைவெளிகளில் அவர் சொல்லித் தந்தார். முதலில் என் தலைப்பை அழித்தார். மூன்று நிரைகளையும் ஆறு நிரல்களையும் ஒன்றாக இணைத்து நடுவில் பெரிதாக எழுதியிருந்தேன். “இந்த அலங்காரம் கலியாணக் கார்டுக்கு. இதால ஒண்டையும் வடிகட்ட ஏலாது.” பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்த ஒழுங்கில் மாற்றினாலும் மாறாத ஓர் இலக்கம். படியேறும் நிரலில் எழுதவே முடியாதபடி, பெட்டியை அமர்த்தினால் ‘இயலும்’, ‘இயலாது’ என்ற இரண்டு மட்டும் கீழே விழுந்து ஒன்றைத் தெரிவு செய்யும் ஏற்பாடு. நான் பழக்கதோஷத்தில் ‘மேற்படி’ என்று அடித்துப் பார்த்தேன். தாள் சிவப்பு மூலையைக் காட்டி மறுத்துவிட்டது. இப்படி மறுக்கும் ஒரு பதிவேடு அந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்திருந்தால் ஒரு பெண் பிரசவ லீவு எடுக்காமலேயே பலகாரம் கொடுத்திருக்க வேண்டியதில்லை.

இயலாது என்று தெரிவு செய்தவுடன் அந்த நிரை முழுவதும் மஞ்சளாக வேண்டும் என்று ஒருமுறை விதி சொல்லிவைத்தால் போதும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இன்னொரு பக்கத்தில் ஒரே ஒரு பெட்டியில் ஒரு சூத்திரம் எழுதினார். பெரிய பட்டியலிலிருந்து இயலாத குடும்பங்கள் மட்டும் தாமாகவே வந்து அங்கே வரிசையாக நின்றன. மூலத்தில் ஒன்றைத் திருத்தினால் இங்கேயும் திருந்தும். யாரும் பார்த்து எழுத வேண்டியதில்லை, ஆகவே பிழையாகப் பார்த்தெழுதவும் வழியில்லை. இது அண்மையில் வந்த வசதி என்றார். நான் பிரதியெடுத்துச் செலவழித்த பிற்பகல்களை எண்ணிப் பார்த்தேன்.

அறுபத்து நான்கு நிரைகளை ஓர் உத்தியோகத்தர் வாசிப்பார் என்று எதிர்பார்ப்பவன் உத்தியோகம் பார்த்தவன் அல்ல. எனவே முதற்பக்கத்தில் ஐந்து குடும்பங்கள் மட்டும். அதற்குப் பின்னால் இணைப்பு ‘அ’, வரிசை மாற்றமுன் இருந்த தாள். ‘ஆ’, மாற்றியபின் இருந்தது. ‘இ’, சரியான பட்டியல். ‘ஈ’, பெயின்டர் குடும்பத்தின் கையொப்பம்.

கடிதம்தான் நேரம் எடுத்தது. என் பேனா தானாகவே ‘தவறொன்று நேர்ந்துள்ளதாக அறியக்கிடக்கின்றது’ என்று தொடங்கியது. அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ கடிதங்களில் எழுதியிருக்கிறேன். அதில் யாரும் எதையும் செய்வதில்லை, தவறு மழையைப்போல் வந்து விழும். அதை வெட்டிவிட்டு எழுதினேன்: ‘இப்பிழையைச் செய்தவன் நான்.’ பழைய கடிதத்திலிருந்து ‘பொறுப்பற்ற’ இரண்டையும் எடுத்துவிட்டேன். மொத்தம் அரைப்பக்கம் வந்தது.

பதிவுத் தபாலை நம்பாமல் வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கு நேரே போய் ஒப்படைத்தேன். கருமபீடத்தில் இருந்தவர், “பொட்டக் இன்ன மாத்தயா,” என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்ற அந்தச் சிங்கள வார்த்தையைச் சொல்லி நானே எத்தனை பேரைப் பொறுக்க வைத்திருக்கிறேன் என்பதால் மரியாதையாக உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தின் பின் அவர் என்னை உள்ளே கூப்பிட்டார். இணைப்பு ‘அ’வையும் ‘ஆ’வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். எங்கள் தமிழ்ப் பட்டியலை ஒதுக்கீட்டுக்கு வாசித்தவர் அவர்தானாம். தானும் ‘மேற்படி’ போடுபவர்தான் என்று சிங்களத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு முதற்பக்கத்தைக் காட்டி, இந்த ஐந்தும் எப்படித் தாமாக வந்தன என்று கேட்டார். நான் சூத்திரத்தை அவருடைய நாட்குறிப்பில் எழுதிக் கொடுத்தேன்.

எதுவும் உறுதி சொல்ல முடியாது, குழு கூட வேண்டும் என்றார். அது எனக்குத் தெரிந்த பதில். முதலாவது நினைவூட்டலை ஆறு கிழமையில் அனுப்பினேன், இரண்டாவதை அதற்கடுத்த நான்கில். இதற்கிடையில் வருட முடிவுக்குள் எல்லோரும் வெளியேற வேண்டுமென்ற அறிவித்தல் தோட்டத்துச் சுவருக்கு வந்தது. உதவியாளர் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுத்தார். பதில் வந்ததா என்று ஒருநாளும் கேட்கவில்லை. என் இரத்த அழுத்தம் எப்படி, பகல் என்ன சாப்பாடு என்று விசாரித்துவிட்டு வைப்பார். அவருக்கு நான் பட்டிருக்கும் கடனை எந்த நிரலில் எழுதுவதென்று தெரியவில்லை.

தபால்காரர் ஒப்பம் வாங்கிக்கொண்டு தந்த உறையை நின்றபடியே பிரித்தேன். மூன்று வரிகள். மேன்முறையீடு ஏற்கப்பட்டுள்ளது. குறித்த குடும்பத்துக்கு நிலத்தளத்தில் வீடு ஒதுக்கப்படுகிறது. திருத்தப்பட்ட பட்டியல் காட்சிப்படுத்தப்படும். இரண்டாம் வரியைச் சத்தமாக ஒருமுறை வாசித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன். கடிதத்தில் இடப்பட்டிருந்த திகதி ஒக்டோபர் மாதத்துக்குரியது. அது என் கைக்குக் கிடைத்தது டிசம்பர் மாதத்து முதலாவது வியாழக்கிழமை.